33 என்ற எண்ணும் அப்புச்சியின் தகரப் பெட்டியும்

சேலத்தில் ஃப்ரீமேசன்களை, அதாவது கல்தச்சர்களின் கருவிகளையும் கதைகளையும் சடங்காக்கி வைத்திருக்கும் சகோதரச் சங்கத்தாரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் 33 என்ற எண் வந்துவிடும். அஸ்தம்பட்டி ரவுண்டானா அருகே டீ குடித்துக்கொண்டிருப்பவரானாலும் சரி, ஏற்காட்டில் மிளகுக்கொடியும் காப்பிச்செடியும் வைத்திருப்பவரானாலும் சரி, எல்லோரும் ஒரே வகையான யூடியூப் காணொளிகளைப் பார்த்திருக்கிறார்கள். அடித்தளத்தில் ஒன்றும் அறியாத சாதாரண உறுப்பினர்கள், அவர்களுக்கு மேலே படிப்படியாக ஆழமாகும் ரகசியங்கள், உச்சியில் 33ஆம் டிகிரி, அதாவது சங்கத்தின் 33ஆம் படிநிலை, பெற்ற ஒரு சிலர், அவர்கள் கையில் உலகத்தின் கடிவாளம் என்று அந்தக் கதை போகும். நான் ஃப்ரீமேசன் அல்ல. சேரும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சேலத்தில் வக்கீலாக இருந்துகொண்டே அந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்தவர் என்பதால், இவர்களுடைய மரபுகளைப் பற்றி அச்சில் கிடைப்பதையெல்லாம் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. படித்தவரை எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: ஒரே ஏணி என்று ஒன்று கிடையாது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு சபைகள், வெவ்வேறு தேவைகளுக்காகத் தனித்தனியே கட்டிக்கொண்ட பல வரிசைகள் உண்டு; ஒரு டிகிரியின் எண்ணை மட்டும் சொல்லி, அதைக் கொடுத்த சபை எது என்று சொல்லாவிட்டால், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

அடிப்படையான டிகிரிகள் மூன்றே மூன்று. முதலாவது என்டர்டு அப்ரென்டிஸ், இரண்டாவது ஃபெல்லோ கிராஃப்ட், மூன்றாவது மாஸ்டர் மேசன். 1717ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தை ஒட்டிய ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள், அதாவது உறுப்பினர்கள் கூடும் கிளைகள், ஒன்றுசேர்ந்து தங்களுக்குத் தலைமைச் சபையாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது மரபான கணக்கு. அப்போது இந்த மூன்றாவது டிகிரியே கிடையாது. அது 1720களில்தான் உருவாகிறது. 1730இல் சாமுவேல் பிரிச்சார்ட் என்பவர் லாட்ஜ் சடங்குகளை அம்பலப்படுத்தி ஒரு சிறுநூலை அச்சிட்டபோது மூன்று டிகிரிகளும் முதன்முறையாகப் பொதுமக்கள் கண்ணில் பட்டன. ஆக, சங்கத்தின் ‘ரகசியங்கள்’ அச்சுக்கு வந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் டிகிரியின் மையக் கதை சாலொமோன் ராஜாவின் ஆலயத்தைக் கட்டிய தலைமைக் கொத்தன் ஹிராம் அபிஃப் கொலையுண்டதைப் பற்றியது. அவனோடு மெய்யான வார்த்தை ஒன்று தொலைந்துபோகிறது. அதற்கு ஈடாக வேறொரு வார்த்தை வழங்கப்படுகிறது. பின்னாளில் முளைத்த நூற்றுக்கணக்கான டிகிரிகளுக்கு விதை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கதையில் ஒரு பொருள் தொலைந்தால், அதைக் கண்டெடுக்கும் அடுத்த அத்தியாயத்தை எழுத யாராவது வராமலா போவார்கள்?

இங்கிலாந்தில் அந்த அத்தியாயத்தின் பெயர் ஹோலி ராயல் ஆர்ச். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் இடிந்த ஆலயத்தை மீண்டும் கட்ட நிலத்தைச் சீர்செய்யும்போது, பூமிக்கடியில் ஒரு நிலவறையைக் கண்டுபிடிப்பதாக அதன் சடங்கு அமைந்திருக்கிறது. சாப்டர் என்று அழைக்கப்படும் அந்தக் கூட்டத்தில் செருபாபேல், ஆகாய், யோசுவா என்ற மூவரின் இடத்தில் மூன்று தலைவர்கள் அமர்கிறார்கள். அயர்லாந்துக்காரர்களோ அதே டிகிரியில் யோசியா ராஜா ஆலயத்தைப் பழுதுபார்த்த காலத்தை வைத்துக் கதை சொல்கிறார்கள். ஒரே பெயருள்ள டிகிரிக்குள் இரண்டு கதைகள்.

இந்த ராயல் ஆர்ச்சை வைத்து இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்தது. 1751இல் தனியே கிளம்பிய ஒரு கிராண்ட் லாட்ஜ் தன்னைப் ‘பழையவர்கள்’ என்றும், 1717இல் தோன்றிய மூத்த சபையைப் ‘புதியவர்கள்’ என்றும் அழைத்துக்கொண்டு, ராயல் ஆர்ச்தான் மேசன் மரபின் உயிர் என்று வாதாடியது. வயதில் இளையவர்கள் தங்களைப் பழையவர்கள் என்று சொல்லிக்கொண்ட துணிச்சலை நம்மூர்க் கட்சிப் பிளவுகளைப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். இரண்டு தரப்புக்கும் தலைவர்களாக அரசகுடும்பத்துச் சகோதரர்களே, ஒருபுறம் சஸ்ஸெக்ஸ் கோமகன், மறுபுறம் கென்ட் கோமகன், அமர்ந்த பிறகு 1813 டிசம்பர் 27 அன்று சமரசம் ஏற்பட்டது. தூய்மையான பழைய மேசன் மரபு மூன்று டிகிரிகளைக் கொண்டது, அதற்கு மேல் இல்லை, ஆனால் அந்த மூன்றுக்குள் ராயல் ஆர்ச்சும் அடக்கம் என்று அந்த ஒப்பந்தம் சொல்லிற்று. மூன்று என்று எண்ணிவிட்டு நான்காவதையும் அதே மூன்றுக்குள் திணித்த அந்த வாக்கியத்தை எழுதிய கை நிச்சயம் ஒரு வக்கீலுடையதாகத்தான் இருக்கும் என்று அப்புச்சியின் நினைவாக நான் எண்ணிக்கொள்வது உண்டு. இன்றுவரை ஆங்கிலேய மரபில் மாஸ்டர் மேசனுக்கு மேலான அதிகாரம் எந்த டிகிரிக்கும் கிடையாது. வேறு சபைகளில் எத்தனை டிகிரி வாங்கியவரானாலும், தன் லாட்ஜுக்கு வந்தால் அங்கே நாற்காலியில் இருக்கும் மாஸ்டருக்குக் கட்டுப்பட்டவரே.

அப்புச்சியின் பொருள்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் மாமா வீட்டில், ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. “எங்கப்பன் முப்பத்திமூணு டிகிரியும் முடிச்சவரு, கண்ணு” என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மலையின் ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை என்பதால் ஆட்டுத்தோல் ஏப்ரன்கள் விறைத்து, ஓரங்களில் பூசணம் பிடித்திருக்கின்றன. ஆனாலும் எது எந்தச் சபையுடையது என்பதை நிறத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். வெள்ளைத் தோலில் வெளிர்நீலப் பட்டி ஓடி, மூன்று நீல நாடாப் பூக்களும், இரண்டு பக்கமும் தலா ஏழு வெள்ளிச் சங்கிலிகள் தொங்கும் குஞ்சங்களும் இருந்தால் அது மாஸ்டர் மேசனின் ஏப்ரன். ஓரத்தில் கருஞ்சிவப்பும் கருநீலமும் ரம்பப் பல்லைப்போல் ஒன்றுக்குள் ஒன்று கோத்துத் தைத்திருந்தால் அது ராயல் ஆர்ச். அதன் மடிப்பில் ஒரு முக்கோணப் பட்டுத்துண்டு, அதனுள்ளே மூன்று ஆங்கில ‘T’ எழுத்துகள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் குறி. அதோடு அணியும் பதக்கம் வட்டத்துக்குள் பின்னிய இரண்டு முக்கோணங்களால் ஆனது. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த அதன் நாடா இப்போது பழைய பத்திரத் தாளின் நிறத்தில் இருக்கிறது. பதக்கத்தின் அடியில் லத்தீனில் பொறித்திருப்பதன் பொருள், சாவியைத் தவிர வேறெதுவும் குறையில்லை என்பது.

பெட்டியில் இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னக் கல். வளைவுகளின் உச்சியில் இருபுறக் கற்களையும் இறுக்கிப் பிடிக்க வைப்பார்களே, அந்தத் தலைக்கல்லின் வடிவத்தில், மேலே அகன்று கீழே குறுகி, அது செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் வட்டமாக எட்டு ஆங்கில எழுத்துகள். வட்டத்தின் நடுவில் தமிழ் ‘ட’வின் மேல் ஒரு சாய்கோடு இழுத்ததுபோல் ஒரு தனிக்குறி. இது மார்க் மாஸ்டர் டிகிரியின் பதக்கம். இடைக்காலக் கல்தச்சர்கள் தாங்கள் செதுக்கிய கல் எது என்று கூலிக் கணக்குக்கு அடையாளம் காட்டத் தத்தம் குறியைப் பொறித்தார்கள்; ஐரோப்பாவின் பழைய பேராலயங்களில் அக்குறிகளை இன்றும் காணலாம். அந்தப் பழக்கத்தை ஒட்டி, இந்த டிகிரியில் சேருகிற ஒவ்வொருவரும் தனக்கென ஒரு குறியைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொள்கிறார். சடங்கின் கதை எளிமையானது: விசித்திரமான வடிவத்தில் இருந்ததால் மேற்பார்வையாளர்கள் ஒரு கல்லைக் குப்பையில் வீசிவிடுகிறார்கள், வளைவை முடிக்கும் நேரத்தில் அந்தக் கல் இல்லாமல் வேலை நின்றுபோகிறது. “வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே, மூலைக்குத் தலைக்கல்லாயிற்று” என்ற சங்கீத வசனத்தை ஒரு நாடகமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்த மார்க் டிகிரியின் நிலைமையே எண்களைப் பற்றி நான் சொல்லவந்ததற்கு நல்ல சான்று. ஸ்காட்லாந்தில் இது வழக்கமான வரிசைக்குள் அடங்கியது. மார்க் வாங்காமல் ராயல் ஆர்ச்சுக்குள் போக முடியாது. இங்கிலாந்தின் தலைமைச் சபை அதை ஏற்க மறுத்ததால், மார்க் மேசன்கள் 1856இல் தங்களுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜே அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலோ யார்க் ரைட் என்று அழைக்கப்படும் தொகுப்பில் அது ராயல் ஆர்ச் சாப்டரின் முதல் படி. ஒரே தலைக்கல், ஒரே வசனம். ஆனால் ஓரிடத்தில் அது கட்டாயப் படி, இன்னோரிடத்தில் தனிச்சபை, மூன்றாம் இடத்தில் ஒரு தொகுப்பின் வாசல். இதற்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

பெரிய எண்கள் பிறந்தது பிரான்சில். ஸ்காட்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஆண்ட்ரூ மைக்கேல் ராம்சே 1736இல் ஆற்றிய உரையில், மேசன் சங்கத்தின் மூதாதையர் சிலுவைப்போர் வீரர்கள் என்றார். வரலாற்று ஆதாரம் ஏதும் இல்லாத இந்தக் கூற்று காட்டுத்தீயாகப் பரவியதற்குக் காரணம் ஆதாரம் அல்ல, ஆசை. கொத்தனாரின் கரண்டியையும் தோல் ஏப்ரனையும் தங்கள் குலச்சின்னமாக ஏற்கக் கூசிய பிரபுக்களுக்கு, வாளும் மேலங்கியும் கொண்ட குதிரைவீரர்களின் வாரிசு என்ற எண்ணம் இனித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் புதிய டிகிரிகள் மழைக்கால ஈசலாய்ப் புறப்பட்டன. ஜெர்மனியில் ஹுண்ட் பிரபு, மேசன்கள் டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவு வீரர்களின் நேர் வாரிசுகள் என்றும், பெயர் தெரியாத மேலதிகாரிகள் தன்னை நியமித்திருப்பதாகவும் சொல்லி ஒரு முழு அமைப்பையே நடத்தினார். அந்த மேலதிகாரிகள் கடைசிவரை யார் கண்ணிலும் படவில்லை. 1782இல் வில்ஹெல்ம்ஸ்பாடில் கூடிய மாநாடு டெம்ப்ளர் வம்சாவளியைக் கைவிட்டது. ரகசியத் தலைமை ஒன்று எங்கோ இருக்கிறது என்று இன்று நம் கைபேசிகளில் சுற்றும் கதையை முதலில் உருவாக்கி நம்பியவர்கள் மேசன்களே என்பதும், அதை விசாரித்து முதலில் கைவிட்டவர்களும் அவர்களே என்பதும் அந்தக் காணொளிகளில் வருவதில்லை.

33க்கு வருவோம். எத்தியென் மொரேன் என்ற பிரெஞ்சு வணிகர் 1761இல் பாரிஸில் ஓர் அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு கரீபியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். அவர் பரப்பிய தொகுப்பில் 25 டிகிரிகள் இருந்தன. அவை அமெரிக்கத் துறைமுக நகரமான சார்ல்ஸ்டனை அடைந்தபோது மேலும் எட்டு சேர்ந்து, 1801 மே 31 அன்று 33 டிகிரிகள் கொண்ட தொகுப்பை நடத்தும் முதல் தலைமைச் சபையாகிய சுப்ரீம் கவுன்சில் அங்கே அமைந்தது. அதை நிறுவியவர்களில் புராட்டஸ்டன்ட்டுகள், கத்தோலிக்கர்கள், யூதர்கள் என மூன்று தரப்பினரும் இருந்தார்கள். இந்தத் தொகுப்பின் பெயர் ஸ்காட்டிஷ் ரைட் என்றாலும் இது உருப்பெற்றதற்கும் ஸ்காட்லாந்துக்கும் தொடர்பில்லை. இதற்கு ஒரு மதிப்பு வேண்டுமே என்று, பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக் 1786இல் தன் கையாலேயே இதன் சட்டங்களில் ஒப்பமிட்டார் என்று சொல்லிவந்தார்கள். அந்த ஆண்டு மரணப்படுக்கையில் கிடந்த மன்னர் அப்படிச் செய்தார் என்பதை இன்று எந்தப் பொறுப்பான வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை. 25 என்பது 33 ஆனதில் தெய்வீகக் காரணம் எதையும் தேட வேண்டியதில்லை. கையில் இருந்த சரக்கை ஒழுங்காக அடுக்கினார்கள், அவ்வளவே.

அமெரிக்காவில் இந்த டிகிரிகள் கொடுக்கப்படும் விதம் சேலத்துக்காரர்களுக்கு விளங்குவது எளிது. மேடை, திரைச்சீலை, ஒப்பனை, உடுப்பு எல்லாம் வைத்து ஒவ்வொரு டிகிரியையும் நாடகமாக நடிப்பார்கள்; சேருபவர்கள் கூட்டமாகப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பார்கள். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து பாரதத்தைப் பார்த்தவன் விடியும்போது பாரதம் கேட்டவனாகிவிடுவதுபோல, 4 முதல் 32 வரையிலான டிகிரிகளை ஓரிரு வார இறுதிகளிலேயே முடித்துவிடுகிறவர்கள் அங்கே ஏராளம். 33ஆவது மட்டும் கேட்டு வாங்குவது அல்ல. நீண்டகாலச் சேவைக்காகச் சபை தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் கௌரவம். 1859 முதல் 1891 வரை அமெரிக்க ஸ்காட்டிஷ் ரைட்டின் தென் வட்டாரத் தலைவராக இருந்த ஆல்பர்ட் பைக் இந்தச் சடங்குகளையெல்லாம் தன் விருப்பப்படி விரித்து எழுதினார். கற்றவர்தான்; ஆனால் சொல்ல வேண்டியதை மூன்று மடங்கு நீட்டிச் சொல்லும் வியாதி அவருக்கு இருந்தது.

பைக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சாத்தான் வழிபாட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்பதும் பதிவானதே. லியோ டாக்ஸில் என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுப் பத்திரிகையாளர், மேசன்களின் உச்சப் படியில் லூசிஃபரை வணங்குகிறார்கள் என்று பல ஆண்டுகள் நூல் நூலாக எழுதிக் கத்தோலிக்க வாசகர்களிடம் காசு பார்த்தார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் அரங்கு நிறைந்த கூட்டத்தைக் கூட்டி, அத்தனையும் தன் கற்பனை என்று அவரே சிரித்துக்கொண்டு அறிவித்தார். அந்த அறிவிப்பு நம் வாட்ஸப் குழுக்களை இன்னும் வந்தடையவில்லை.

இப்போது அப்புச்சியின் பெட்டிக்கும் இந்த எண்களுக்கும் உள்ள முடிச்சைச் சொல்ல வேண்டும். பெட்டியில் நீலம் இருக்கிறது, மார்க் இருக்கிறது, ராயல் ஆர்ச் இருக்கிறது. 18ஆம் டிகிரியான ரோஸ் குருவாவின் சின்னமாகிய, தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடாப் பறவை எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. 1845இல் அமைந்த இங்கிலாந்தின் சுப்ரீம் கவுன்சில், திரித்துவத்தை ஏற்கும் கிறிஸ்தவர்களை மட்டுமே சேர்க்கிறது. அங்கே 4 முதல் 17 வரையிலான டிகிரிகளைப் பெயர் மட்டும் சொல்லிக் கடந்து 18ஐத்தான் முழுச் சடங்காக நடத்துகிறார்கள். அதற்கு மேலே செல்பவர்கள் சிலரே. கோட்டை மாரியம்மனுக்கு ஆடிதோறும் பொங்கல் வைத்த குடும்பத்தில் பிறந்த அப்புச்சிக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. அதே 18ஆம் டிகிரி அமெரிக்காவில் இறைநம்பிக்கை உள்ள எந்த மதத்தவருக்கும் திறந்திருக்கிறது.

இந்தக் கதவுகளின் வரலாறு நம் மண்ணில் நீண்டது. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா 1775இல் திருச்சிராப்பள்ளியில் மேசன் ஆனார். மன்னர் வீட்டுப் பிள்ளைக்குத் திறந்த கதவு சாதாரண இந்துக்களுக்குத் திறக்க அதன்பின் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பல தெய்வங்களை வணங்குகிறவர் ஒரே இறைவன்மீது எப்படி உறுதிமொழி எடுப்பார் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. பல ஆண்டுகள் விடாமல் வாதாடிய பிரசன்ன குமார் தத்தா 1872இல் கல்கத்தாவில் சேர்க்கப்பட்ட பிறகே அது அடங்கியது. 1813 சமரசத்துக்குப் பின் சஸ்ஸெக்ஸ் கோமகனின் காலத்தில் அடிப்படை மூன்று டிகிரிகளிலிருந்து கிறிஸ்தவக் குறிப்புகளைக் களைந்திராவிட்டால் அந்த வாதத்துக்கு இடமே இருந்திருக்காது. மெரினாவுக்கு எதிரே இன்று காவல்துறைத் தலைமையகம் இயங்கும் வெள்ளைத் தூண் மாளிகை, 1839இல் பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி என்ற லாட்ஜுக்காகக் கட்டப்பட்டதே. 1961 நவம்பர் 24 அன்று இந்தியாவுக்கெனத் தனி கிராண்ட் லாட்ஜ் டெல்லியில் அமைந்தபின், இங்குள்ள லாட்ஜ்களில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள் முதலிய நூல்களை அருகருகே வைத்து அவரவர் நூலின்மீது உறுதிமொழி எடுப்பது நிலைத்தது. கிறிஸ்தவ அடையாளத்தை விடாத மேல் டிகிரிகள் கடலுக்கு அப்பால் தங்கள் விதியை மாற்றிக்கொள்ளவில்லை. அமெரிக்க யார்க் ரைட்டின் கடைசிக் கட்டமான நைட்ஸ் டெம்ப்ளரும் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கேட்கிறது. சுவீடன் மரபோ அடிமுதல் முடிவரை கிறிஸ்தவ மரபு, அதன் டிகிரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தலைமையின் கீழ் ஏறுபவை.

எண்ணிக்கையே பெருமை என்றால் 33ஐ ஏன் பேச வேண்டும்? மிஸ்ராயிம் மரபில் 90 டிகிரிகள், மெம்ஃபிஸ் மரபில் 95. எகிப்தின் பெயரைச் சூடிய இவ்விரண்டையும் இணைத்ததற்கு 1881இல் தலைவராகப் பெயரளவில் அமர்த்தப்பட்டவர் இத்தாலியின் விடுதலை வீரர் கரிபால்டி. பெரிய கிராண்ட் லாட்ஜ்கள் இவற்றைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

காணொளிகள் சொல்லும் அந்த ஒற்றை ஏணி, அதாவது ஒன்றிலிருந்து 33 வரை ஒரே சபையின் கீழ் ஏறும் அமைப்பு, ஓரிடத்தில் உண்மையாகவே இருக்கிறது. 1893இல் பாரிஸில் மரியா தெரேம் என்ற பெண்மணியும் ஜார்ஜ் மார்த்தேன் என்ற மருத்துவரும் தொடங்கிய ‘லெ த்ருவா யூமேன்’ அது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே அமரும் அமைப்பு என்பதால் ஆங்கிலேயக் கிராண்ட் லாட்ஜ் அதை அங்கீகரிப்பதில்லை. 1902இல் அதில் சேர்ந்த அன்னி பெசன்ட், பிரம்மஞான சபையினரின் வழியே அதை இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். அடையாற்றில் அது வேரூன்றியது. அங்கே மதத்தைக் காட்டி 18ஆம் டிகிரிக்குத் தடை போடும் விதி இல்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். மார்க் பதக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, “அப்படின்னா அந்த முப்பத்திமூணுக்கு அம்மாதான் போயிருக்க முடியும்ங்கற” என்றார். மாமாவின் அம்மா, அதாவது என் அம்மாயி, அப்புச்சி கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு லாட்ஜுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அங்கே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டு, பதில் வராமலே இருந்தவர். ஆனால் போயிருக்க முடியும் என்பது சரிதான். அதற்கு அவர் சேலத்திலிருந்து அடையாறு வரை ரயிலேற வேண்டியிருந்திருக்கும்.